நாற்பது எம்.பி.க்களுக்கு ஒரு மடல்: எங்கள் இரண்டரைப் பைசாவுக்காகப் பேசுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்களவைக்கு வந்திருக்கும் நாற்பது பேருக்கும், மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் டெல்லியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர். மயூர் விஹார், ஆர்.கே. புரம், கரோல் பாக், திரிலோக்புரி என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். எங்களில் அரசு ஊழியர்கள் உண்டு, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, ரிட்டயர் ஆகி பென்ஷனில் ஓட்டுகிறவர்களும் உண்டு. எல்லோர் வீட்டிலும் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிறது. எல்லோர் சார்பிலும் எழுத உட்கார்ந்தவள் நான். என் மகனுக்கு 19 வயது. பெருமூளை வாதம், அதாவது ஆஸ்பத்திரி வரிசையில் நாங்கள் சி.பி. என்று சொல்லிக்கொள்வது.

எங்களுக்கு ஓட்டு டெல்லியில்தான். அப்படியிருக்க உங்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். டெல்லியின் ஏழு எம்.பி.க்களும் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்களுக்கும் இந்தியில் ஒரு மடல் அனுப்புகிறோம். ஆனால் தன் அரசு போட்ட பட்ஜெட்டை எதிர்த்து ஆளுங்கட்சி உறுப்பினர் அவையில் எழுந்து நிற்க மாட்டார். நீங்கள் நிற்கலாம். "நாற்பதும் நமதே" என்று கேட்டு, நாற்பதையும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். நாங்கள் கேட்கப்போவது பெரிய காரியமும் இல்லை. நாடாளுமன்ற நடைமுறைக்குள், நோட்டீஸ் கொடுத்துச் செய்யக்கூடியதுதான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித்துறை ஒன்று சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 2020-21 பட்ஜெட்டில் அந்தத் துறைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 1,325 கோடி ரூபாய். இந்த பிப்ரவரி 1-ஆம் தேதி, 2025-26-க்கு ஒதுக்கியிருப்பது 1,275 கோடி. ஐந்து வருடத்தில் அரிசி, மருந்து, ஆட்டோ என்று எல்லாம் ஏறின. நாட்டின் மொத்த பட்ஜெட்டும் 30 லட்சம் கோடியிலிருந்து 50 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. எங்கள் துறையின் தொகை மட்டும் ஐம்பது கோடி இறங்கியிருக்கிறது. அன்றைக்கு நூறு ரூபாய் செலவில் எங்களுக்கு நாலேகால் பைசாவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இன்றைக்கு இரண்டரைப் பைசா.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அந்த 1,275 கோடியை இவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு வருடத்துக்கு 476 ரூபாய் வருகிறது. அதுவும் பழைய எண்ணிக்கை. 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசம், தலசீமியா, பார்கின்சன் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. ஆட்களைச் சேர்த்தார்கள், பணத்தைச் சேர்க்கவில்லை.

இந்த மொத்தத் தொகைக்குள் இன்னொரு வரி இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்றே ஒரு திட்டம், சுருக்கமாக சிப்டா என்பார்கள். அரசுக் கட்டடங்களில் சாய்தளம், லிஃப்ட், பார்வையற்றவர்கள் பயன்படுத்தக்கூடிய அரசு இணையதளங்கள், தொழிற்பயிற்சி எல்லாம் இதற்குள்தான் வரும். 2022-23-இல் இதற்கு 240 கோடி ஒதுக்கினார்கள். அடுத்த வருடம் 150. அதற்கடுத்த வருடம் 135. இப்போது 115. மூன்றே பட்ஜெட்டில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இதில் ஒரு தேதிப் பொருத்தத்தைப் பாருங்கள். 2024 நவம்பர் 8-ஆம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டடங்களும் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும், அதை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்றது. அந்த மூன்று மாதம் முடிவதற்குள் பட்ஜெட் வந்துவிட்டது. எந்தத் தலைப்பில் பணம் கூடியிருக்க வேண்டுமோ அந்தத் தலைப்பில் 20 கோடி குறைந்தது. நீதிமன்றம் கட்டாயம் என்கிறது, நிதித்துறை கையைச் சுருக்குகிறது. நடுவில் நாங்கள் வீல்சேரைத் தூக்கிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படி இவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது? இந்தக் கேள்வியோடுதான் உங்களிடம் வருகிறோம்.

240 கோடி 150 ஆன வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 23. அந்த வருடம் மக்களவையில் ஒரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகூட, அதாவது அது செலவுக்கு அவையிடம் கேட்கும் பணம்கூட, விவாதத்துக்கு வரவில்லை. ஆளுங்கட்சி ஒரு காரணத்துக்காகக் கூச்சல் போட்டது, எதிர்க்கட்சிகள் வேறு காரணத்துக்காகக் கூச்சல் போட்டன. சபாநாயகர் கில்லட்டினை, அதாவது விவாதிக்காத கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விடும் முறையைக் கொண்டுவந்தார். 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் செலவுகள் சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எங்கள் பிள்ளைகளின் பணத்தை வெட்டியது அந்த மொத்தத்தில் ஒரு வரி. அன்று யாரும் அதை எதிர்த்தோ ஆதரித்தோ பேசவில்லை. உங்களில் பலர் அன்று அவையில் இருந்தீர்கள். எதற்காக முழக்கமிட்டீர்களோ அது நியாயமானதாகவே இருக்கட்டும். அந்தச் சத்தத்தின் கீழே என்னென்ன போனது என்பதை நாங்கள் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

சத்தத்துக்கு நடுவிலும் உங்களால் நிறுத்த முடியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2016 டிசம்பர். பணமதிப்பிழப்பு அமளியில் குளிர்காலக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது. ஆனால் டிசம்பர் 14-ஆம் தேதி மாநிலங்களவையும், 16-ஆம் தேதி மக்களவையும் சண்டையை ஓரம்கட்டி இந்த உரிமைச் சட்டத்தை நிறைவேற்றின. எல்லாக் கட்சியும் ஆதரித்தது. அன்றைக்கு டி.வி.யைப் பார்த்துக்கொண்டு அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும். சட்டம் போடும்போது ஒன்று சேர்ந்த அதே அவைகள், அந்தச் சட்டத்துக்கான காசை ஒவ்வொரு வருடமும் குறைக்கும்போது ஒரு பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

சரி, நீங்கள் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கொடுத்த பணத்தையே செலவழிக்கவில்லை, அதனால்தான் குறைத்தோம் என்பார்கள். செலவழிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன்? மாநிலங்கள் திட்ட அறிக்கை அனுப்பவில்லை, முந்தைய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்று தரவில்லை என்று கோப்பு அங்கேயே நிற்கிறது. வருடம் முடியும்போது திருத்திய மதிப்பீட்டில் தொகையை இறக்குகிறார்கள். 2020-21-இல் அந்த 1,325 கோடி, திருத்திய மதிப்பீட்டில் 900 கோடி ஆனது. செலவாகாததைக் காரணம் காட்டி அடுத்த வருட ஒதுக்கீட்டைக் குறைக்கிறார்கள். குறைந்த பணத்தை நம்பி எந்த மாநிலமும் ஆள் எடுப்பதில்லை. ஆள் இல்லாததால் மறுபடி செலவாவதில்லை. அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதி முடிப்பதற்குள் என் மகன் பள்ளிக்கூட வயதைத் தாண்டிவிட்டான். செலவாகவில்லை என்று சொல்கிற அமைச்சரிடம், எந்த மாநிலம், எந்தக் கோப்பு, எத்தனை மாதமாக நிற்கிறது என்று கேளுங்கள். உங்கள் மாநிலம் அந்தப் பட்டியலில் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு பதிலும் வரும். இது மாநில விஷயம் என்பார்கள். அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 9-ஆவதாக, மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் நிவாரணம் என்று இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் ஏற்றுக்கொண்டது இந்திய அரசு. அதற்காக 2016-இல் சட்டம் போட்டது நாடாளுமன்றம். பெயர் எடுப்பது ஓரிடம், பில் கட்டுவது வேறிடம் என்றால் எப்படி?

பணம் ஒழுங்காக வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மகனுக்கு ஒரு முகாமில் இலவச வீல்சேர் கிடைத்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அதன் இருக்கை 18 அங்குல அகலம். அவன் இடுப்பு 13 அங்குலம்கூட இல்லை. முதுகெலும்பு ஏற்கெனவே ஒரு பக்கம் வளைந்திருக்கிற பிள்ளையை அதில் உட்கார வைத்தால் அந்தப் பக்கமே சரிவான். இரண்டு பக்கமும் தலையணை செருகிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் வலியில் அழ ஆரம்பித்துவிட்டான். அளவெடுத்துச் செய்த நாற்காலிக்கு வெளியில் கொடுத்த பணம், என் கணவரின் பி.எஃப். கணக்கில் எடுத்தது. முகாமில் கிடைத்ததை இப்போது பக்கத்துக் கட்டடத்துத் தாத்தா பயன்படுத்துகிறார், அவருக்குக் கச்சிதமாக இருக்கிறது.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்றுதான் மேலே கணக்குப் போகிறது, எத்தனை பேர் அதில் வலியில்லாமல் உட்கார்ந்தார்கள் என்று போவதில்லை. அளவெடுக்க ஆள் வேண்டும், மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். பட்ஜெட் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது அந்த ஆட்கள்தான். பொருள் வாங்கினால் போட்டோ வரும், தெரபிஸ்டுக்குச் சம்பளம் கொடுத்தால் போட்டோ வராது. (தெரபி பற்றி இன்னொன்று. பேச்சுப் பயிற்சி இந்தியில்தான் கிடைக்கும், வீட்டிலும் இந்தியே பேசுங்கள் என்று எங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியிடம் பேச முடியாமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அது தனி மடலாக எழுத வேண்டியது.)

அப்புறம் அந்த 300 ரூபாய்.

இந்திரா காந்தி பெயரில் தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருக்க வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் மத்திய அரசு மாதம் 300 ரூபாய் தரும். 2012 அக்டோபரில் 200-ஐ 300 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. இதற்கு வருடாவருடம் 290 கோடி என்று ஒரே தொகையை எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் நாடு முழுக்க ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்குத்தான் போதும். டெல்லியில் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வீட்டுக்கு வந்து போனால் 500 ரூபாய் கேட்கிறார். பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் இந்த 300-க்கு வராது.

இந்த ஓய்வூதியம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கணக்கில் வருகிறது என்பது ஒரு வேடிக்கை. திரிலோக்புரிச் சந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் ஊரக வளர்ச்சிதான். ஓய்வூதியம் அங்கே, பள்ளிக்கூடம் கல்வித்துறையில், சர்ட்டிஃபிகேட் அரசு ஆஸ்பத்திரியில், ரயில் சலுகை ரயில்வேயில். எங்கே போய்க் கேட்டாலும் அடுத்த கட்டடத்தைக் கை காட்டுவார்கள். அந்த 300 போதாது, உயர்த்துங்கள் என்று ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்திருக்கிறது. உங்கள் சக உறுப்பினர்கள் எழுதிய அறிக்கை அது.

தமிழ்நாட்டில் நாங்கள் நன்றாகக் கொடுக்கிறோமே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மை. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். டெல்லியிலும் 2,500 ரூபாய் கொடுக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்தவர்கள் கதையைக் கேளுங்கள். எங்கள் குழுவில் விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த ஓர் அக்கா இருக்கிறார். நாலு வீட்டில் சமையல் செய்கிறார். மகளால் தானாக எழுந்து உட்காரவும் முடியாது. ஊரில் இல்லை என்று அங்கே வந்துகொண்டிருந்த தொகை நின்றது. டெல்லியில் கேட்டால் ஐந்து வருடம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். வாடகை ரசீது கொடுக்காத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர் எந்த ஆதாரத்தைக் கொண்டுபோவார்? மகளுக்கு இன்னும் 18 ஆகாததால் மத்திய அரசின் 300-ம் கிடையாது. மாநில எல்லையைத் தாண்டினாலும் கூடவே வரக்கூடியது மத்திய அரசின் பணம் ஒன்றுதான். அது அடிப்படையாக ஒரு நியாயமான தொகையாக, குழந்தைகளுக்கும் சேர்த்து இருந்தால், அந்த அக்கா ஒரு வீட்டு வேலையையாவது விட்டுவிட்டு மகளோடு இருப்பார். பிழைப்புக்காக மாநிலம் மாறிய தமிழர்கள் சூரத்திலும் மும்பையிலும் பெங்களூரிலும்கூட இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் ஆட்கள்தானே.

சொல்லாமல் விட மனம் வராத ஒன்று. எம்.பி.க்களின் சம்பளம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி தானாக உயர வேண்டும் என்று 2018 நிதிச் சட்டத்தில் எழுதினார்கள். அதில் தப்பில்லை, ஒவ்வொரு முறையும் தங்கள் சம்பளத்துக்குத் தாங்களே கை தூக்குவதைவிட அது நாகரிகம். அதே குறியீட்டை அந்த 300-க்கும் மாட்டிவிடுங்கள் என்கிறோம்.

இப்போது கேட்பதற்கு வருகிறேன். மார்ச் 10-ஆம் தேதி கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. எந்தெந்த அமைச்சகத்தின் கோரிக்கை மக்களவையில் விவாதத்துக்கு வரும் என்பது அலுவல் ஆய்வுக் குழுவில் முடிவாகும். வழக்கமாக நாலைந்துக்கு மேல் வருவதில்லை, மிச்சமெல்லாம் கில்லட்டினுக்குப் போகும். இந்த முறை சமூக நீதி அமைச்சகம் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்று உங்கள் கட்சித் தலைவர்கள் அந்தக் குழுவில் வற்புறுத்த வேண்டும். சமூக நீதி என்ற சொல்லை வைத்தே நூறு வருடம் அரசியல் செய்த மண்ணிலிருந்து வருகிறவர்கள், அந்தப் பெயரிலேயே இருக்கும் அமைச்சகத்துக்கு ஒரு நாள் கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மாநிலங்களவையில் கோரிக்கைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் சில அமைச்சகங்களின் செயல்பாட்டை எடுத்து விவாதிக்கிறீர்கள். அங்கேயும் இதையே கேளுங்கள்.

விவாதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெட்டுத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள். துறையின் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அடையாளமாகக் கொண்டுவந்து, ஒரு குறிப்பிட்ட குறையைப் பதிவு செய்வதற்கு விதியில் இடம் இருக்கிறது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட துறையில் இன்னும் நூறு ரூபாயை வெட்டச் சொல்லித்தான் எங்களுக்காகப் பேச முடியும் என்பது நாடாளுமன்றத்தின் விசித்திரம். பரவாயில்லை, அந்த நூறு ரூபாயை எங்களால் தாங்க முடியும். ஒரு நோட்டீஸில் சிப்டாவை 240 கோடிக்காவது திரும்பக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இன்னொன்றில் 300 ரூபாய். மூன்றாவது, 18 வயது, 80 சதவீதம் என்ற இரண்டு வேலிகள். ஒரே ஆள் மூன்றையும் கொடுப்பதைவிட நாற்பது பேரும் கொடுத்தால் மேஜையில் கனமாக விழும்.

மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடிக்காக நீங்கள் போராடிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. சமக்ர சிக்ஷா பணத்துக்குள் சிறப்பாசிரியர்களின் சம்பளமும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கொடுக்கும் பயிற்சியும் இருக்கின்றன. மேடையில் மும்மொழி, இருமொழி என்று பேசும்போது இதையும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். பேசுவதற்கு ஒரு மொழியும் வாய்க்காத பிள்ளைகளுக்கான பணமும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டங்கள் எதுவும் தானாக வரவில்லை. 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜாவேத் அபிதி போன்றவர்கள் வீல்சேரிலும் ஊன்றுகோலிலும் இதே டெல்லித் தெருவில் இறங்கினார்கள், முதல் சட்டம் அந்த மாதமே நிறைவேறியது. நாங்கள் அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. ஆனாலும் மார்ச் 12, புதன்கிழமை, காலை 11 மணிக்கு ஜந்தர் மந்தரில் உட்காரப் போகிறோம். நீங்கள் ஹோலி விடுமுறைக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் என்று பார்த்துத்தான் அந்த நாளை வைத்தோம். மதியம் 2 மணிக்குக் கலைந்துவிடுவோம், அதற்கு மேல் பிள்ளைகளால் தாங்க முடியாது. மலையாளி, பஞ்சாபி, பிஹாரிப் பெற்றோரும் வருகிறார்கள்.

வந்தால் மைக் தருவோம், ஆனால் பேச்சு ஐந்து நிமிடம்தான். மாலை, சால்வை வேண்டாம். கட்சிக்கொடியும் வேண்டாம், அதைப் பார்த்தால் வரத் தயங்குகிற அரசு ஊழியர்கள் எங்களில் இருக்கிறார்கள். பந்தலில் முன்வரிசை வீல்சேருக்கானது, நாற்காலி போட மாட்டோம், தரையில் விரிப்பு இருக்கும். மூன்று வெட்டுத் தீர்மானங்களின் வரைவையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருப்போம், தொகுதி பெயரும் கையெழுத்தும் போட்டால் நோட்டீஸ் தயார். வர முடியாதவர்களுக்கு அதே வரைவைத் தமிழ்நாடு இல்லத்தில் ஒரு கவரில் போட்டு, ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம்.

இப்படிக்கு,
டெல்லித் தமிழ்ப் பெற்றோர் சார்பில்
மயூர் விஹாரிலிருந்து ஓர் அம்மா
2025 மார்ச் முதல் வாரம்